ஸீனத் கொடுத்த பாதி

வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருந்த நபீஸ், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கடைவாசலில் புடவை உடுத்தி நின்ற பொம்மைக்கு ஸலாம் சொன்னார். பதில் வராததால் கோபத்தோடு இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு சட்டைத்துணி கேட்டு வந்த பெண்ணுக்குத் திரைச்சீலைத் துணியை அளந்தார். கத்தரிக்கோலை எதற்கு எடுத்தோம் என்பது மறந்துபோக, அதைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

பக்கத்துப் பழக்கடை இரத்தினசிங்கம் ஓடிவந்து பார்த்தார். நபீஸின் நாக்குக் குழறியது, கால் தள்ளாடியது.

"என்ன நபீஸ், விடியக்காலமையே போட்டிட்டியளோ?"

வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத நபீஸ் அவரை முறைத்தார். ஏச வாயைத் திறந்தவருக்குச் சொல் வரவில்லை. நீட்டிய கை, பறவை சிறகடிப்பதுபோல் விட்டுவிட்டு நடுங்கியது. இரத்தினசிங்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. கடையை அப்படியே விட்டுவிட்டு, த்ரீவீலரைப் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நபீஸுக்கு நீண்டநாள் சீனி வருத்தம், நீரிழிவு. அதோடு கொழுப்பும் சேர்ந்து ஈரலைத் தழும்பாக்கி, அது சிரோசிஸ் ஆகியிருந்தது வீட்டுக்குத் தெரியும். மூளை குழம்பும் என்றுதான் யாரும் நினைக்கவில்லை.

"ஈரல் வடிகட்ட வேண்டிய நஞ்சு மூளைக்குப் போயிருக்கு," என்றார் டொக்டர் உஷாந்தி. "கொஞ்ச நாளா மலச்சிக்கலாமே, அது இன்னும் கூட்டிவிட்டிருக்கு. வயிறு ஒழுங்காப் போனால் தெளிவார்."

இனிப்பான சிரப் ஒன்று கொடுத்தார்கள். நபீஸ் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். வெள்ளிக்கிழமை காலை, மனைவி ஹமீமாவைப் பார்த்து, "இன்டைக்கு ஜும்ஆ. என்ட தொப்பி எங்க?" என்று கேட்டார். ஹமீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

உஷாந்தி வந்ததும் நபீஸ் நேராகவே கேட்டார். "டொக்டர், ஒளிக்காம சொல்லுங்க. இனி எனக்கு எவ்வளவு காலம்?"

உஷாந்தி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சிரப்பை விடாமல் எடுத்தால் இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தள்ளிவைக்கலாம். ஆனால் ஈரல் களைச்சுப்போச்சு எண்டதுக்கு இது அடையாளம். ஈரலை மாத்தாமல் விட்டால், வாற ஒண்டு ரெண்டு வருஷத்துக்கே என்னால உறுதி சொல்லேலாது. மாத்தினால் கதை வேற. அதுக்கான பரிசோதனையை இப்பவே தொடங்குவம்."

தெஹிவளையிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருந்த தங்கை ஸீனத்துதான் முதலில் வாய் திறந்தாள்.

"என்ட ஈரல் சரிவருமா, டொக்டர்?"

"வாய மூடு ஸீனத்! ஒனக்குப் புள்ளைகள் ஈக்கிது," என்று அண்ணன் அதட்டினார்.

"புள்ளைகளுக்கு மாமாவும் வேணும் நானா."

ஒரு பகுதியைத்தான் வெட்டி எடுப்பார்கள், மிச்சம் திரும்ப வளரும் என்று உஷாந்தி விளங்கப்படுத்தினார். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஸீனத் வீட்டுக்குப் போய்க் கணவனோடு இரண்டு நாள் கதைத்துவிட்டு, அதே முடிவோடு திரும்பி வந்தாள்.

இரத்தம் பொருந்தியது. அவளுடைய எடைதான் கொஞ்சம் கூட, அதைக் குறைத்தால்தான் ஈரல் கொடுக்கலாம். ஸீனத் தனக்குப் பிடித்த இனிப்பான வட்டிலப்பத்தை விட்டாள். கடற்கரையில் தினமும் மூச்சிரைக்க நடந்தாள். நடக்கும்போதெல்லாம் நானாவைத் திட்டினாள். இடையில் ஒரு கலியாண வீட்டில் நபீஸ் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வெட்கப்பட்டுச் சிரப்பை விட்டார். மறுநாளே பேச்சுக் குழம்பியது. இம்முறை ஹமீமா உடனே கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அதன்பிறகு போத்தல் அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது.

சத்திரசிகிச்சை நாளில் நபீஸ் தனக்காகப் பயப்படவில்லை. "தங்கச்சிக்கு ஒண்டும் ஆகக்கூடா" என்றே முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே இரத்தினசிங்கம், அவர்கள் இருவரும் இப்போதைக்குச் சாப்பிட முடியாத மாம்பழங்களை ஒரு பை நிறைய வைத்துக்கொண்டு மாலைவரை காத்திருந்தார்.

இரண்டு சிகிச்சைகளும் நன்றாக முடிந்தன. புது ஈரல் வேலை செய்யத் தொடங்கியது. சில நாள் கழித்து ஸீனத்தைச் சக்கர நாற்காலியில் வைத்து நபீஸின் கட்டிலருகே தள்ளிவந்தார்கள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தார், அழுகையில் வார்த்தை குழறியது.

ஸீனத் பதறிப்போனாள். "என்ன நானா, திரும்பவும் குழம்பிட்டா? என்ட ஈரல் வேல செய்யல்லயா? அப்ப திருப்பித் தாங்க!"

நபீஸ் சிரித்துவிட்டார். தையல் சுரீரென்று இழுக்க, "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டே சிரித்தார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாதி ஓடிவந்து, சிரிக்கக்கூடாது என்று சிங்களத்தில் இருவரையும் ஏசத் தொடங்கினாள்.