ஃபானியைக் கேட்காமல் ஒரு மோதிரம்

தன் கல்யாணத்தைப் பற்றி ஃபானிக்கு எல்லாமே தெரியும். ஆனால் அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் ஏற்பாடு. மண்டபம் பிடித்தாயிற்று. கவுனுக்குத் துணி பாரீசிலிருந்து வந்து சேர்ந்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் சொல்லியும் ஆயிற்று. இவ்வளவுக்கும் பிறகு மாப்பிள்ளை மத்தியோ அவள் முன்னால் மண்டி போட்டு, என்னைக் கட்டிக்கிறியா என்று திடீரென்று கேட்கப் போகிறானாம். அவள் திகைத்துப் போக வேண்டுமாம்.

யோசனை மத்தியோவின் அம்மா மார்கரீத்துடையது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற குடும்பம், பெண்ணை முறையாகக் கேட்காமல் கட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குக் கவலை. கேட்பதற்கு முன்பே பிரியாணிக்கு ஆள் சொல்லிவிட்டதை மட்டும் அந்த நாலு பேர் கண்டுகொள்ள மாட்டார்கள் போலிருக்கிறது.

ஃபானி இதையெல்லாம் கேலி செய்தாள். ஆனாலும் உள்ளுக்குள் அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தை அவளைக் கேட்டுப் பிடிக்கவில்லை. தேதியை அவளைக் கேட்டு வைக்கவில்லை. கல்யாணத்துக்கப்புறம் பிரெஞ்சு தேசத்துக்குப் போய்த் துலூசில் இருப்பதா, இங்கேயே இருப்பதா என்பதைக்கூட, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற வருங்கால மாமனார் ஜான்-பத்திஸ்த்தான் உத்தரவு போடுகிற மாதிரி முடிவு செய்தார். மத்தியோவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் வலித்தது. அவன் வாயிலிருந்து ஒரே ஒரு கேள்வி, பதில் தெரியாதவன் கேட்கிற மாதிரி வந்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று இருந்தாள்.

கேட்க மோதிரம் வேண்டும், மோதிரத்துக்கு விரல் அளவு வேண்டும். பெண்ணுக்குத் தெரியாமல் பெண்ணின் விரலை அளப்பது எப்படி என்று மத்தியோ வீட்டில் மூன்று பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். பாவம் என்று ஃபானியே ஒத்தாசை செய்தாள். ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, மோதிர விரலில் போட்டிருந்த சின்ன மோதிரத்தைக் கழற்றிக் குழாயடியில் வைத்துவிட்டு வந்தாள். எடுத்துப் போய் அளந்துகொள்ளட்டும் என்றுதான். அவள் வீடு போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மத்தியோ ஸ்கூட்டரில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மறந்து வச்சிட்டு வந்துட்ட. நல்லவேளை, நான் பாத்தேன்," என்று மோதிரத்தைக் கையில் கொடுத்தான்.

இப்படி ஒரு யோக்கியனை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அடுத்த வாரம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது விரல்களை அவன் மூக்குக்கு நேராகவே நீட்டினாள்.

"என் வெரலெல்லாம் ரொம்ப ஒல்லி, இல்ல?"

"நெயில் பாலிஷ் நல்லா இருக்கு," என்றான் மத்தியோ.

அதற்குள் மார்கரீத் பொறுமை இழந்து, புருஷனைக் கூட்டிக்கொண்டு கமருஸ்ஸமான் நகைக்கடைக்குப் போயிருந்தாள். அங்கே நடந்ததைக் கடைக்காரரின் மகள் ரூமானா, ஃபானியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், அன்றைக்கே போனில் சொல்லிவிட்டாள்.

"எங்க அத்தா அளவு கேட்டாரு. உன் மாமியா தன் வெரலையே நீட்டிட்டாங்க. ஃபானிக்கும் எனக்கும் ஒரே உடம்புவாகு, சின்னப் பொண்ணுங்கறதால ரெண்டு நம்பர் கம்மி பண்ணுங்கன்னாங்க."

மார்கரீத் வாசலில் வந்தால் முதலில் வயிறு வரும், பிறகுதான் அவள் வருவாள். ஃபானியோ புயல் எச்சரிக்கை நாளில் வெளியே அனுப்பப் பயப்படுகிற உடம்பு.

"இதுல உன் மாமனாரு வேற, கல்யாணத்துக்கப்புறம் உடம்பு வைக்கும், ஒரு நம்பர் ஏத்துங்கன்னாரு. பூட்ஸ்கூட ஒரு சைஸ் பெருசாதான் வாங்கணுமாம். சுத்திக் கல்லு வைக்கிற மோதிரம், பெருசாப் போனா அறுத்துச் சின்னதாக்க முடியாதுன்னு அத்தா சொன்னாரு. அப்புறம் அத்தாவே, என் கணக்கு தப்பாதுன்னு ஆர்டரை எடுத்துக்கிட்டாரு. உன் அளவை நான் சொல்லிடட்டா?"



"வேணாம். கேக்க வேண்டியவன் கேக்கட்டும்," என்றாள் ஃபானி.

மோதிரம் தயாராகி வந்த ஞாயிற்றுக்கிழமை, சும்மா ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று அவளை நோணாங்குப்பம் படகுத்துறைக்குக் கூட்டிப் போனார்கள். சும்மா போகிற படகில் இரண்டு வீட்டு ஆட்களும், ஒரு கேக்கும், ஒரு போட்டோகிராபரும் இருந்தார்கள். பெண்கள் எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டுக்குள் பட்டுப்புடவை கட்டியிருந்ததைப் பற்றி ஃபானி ஒன்றும் கேட்கவில்லை. பாரடைஸ் பீச் மணலில் இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். மத்தியோ மண்டி போட்டான். அலை வந்து பேன்ட்டைத் தொடை வரை நனைத்தது. மோதிரத்தை எடுத்து அவள் விரலில் மாட்டினான்.

மாட்டியது எங்கேயும் நிற்கவில்லை. விரலைக் கவிழ்த்தால் விழுந்துவிடும் என்று ஃபானி கையை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"லூசா ஒண்ணும் இல்ல, போடுற விதத்துல இருக்கு," என்றபடி மார்கரீத் மோதிரத்தைப் பிடுங்கி, எப்படிப் போட வேண்டும் என்று காட்டத் தன் விரலில் நுழைத்தாள். மூட்டு வரைக்கும் முரண்டு பிடித்தது. ஓர் அழுத்து அழுத்தினாள், உள்ளே போய் அழகாக உட்கார்ந்தது. அப்புறம் வரவில்லை. இழுத்தார்கள், திருகினார்கள், சன் கிரீம் தடவினார்கள். படகுக்காரர் எஞ்சினுக்குப் போடுகிற கிரீஸைக் கொண்டுவந்தார். விரல் வீங்கியதுதான் மிச்சம்.

மத்தியோ எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீரிலேயே மண்டி போட்டிருந்தான்.

"அது கெடக்கட்டும். அவ சரின்னு சொல்லிட்டாளா, இல்லியா?" என்றாள் மார்கரீத், கிரீஸ் சொட்டச் சொட்ட.

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார்.

"சார் இன்னும் கேக்கவே இல்லீங்க மேடம்."

யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. மத்தியோவுக்கே அப்போதுதான் உறைத்தது. சிரித்துவிடலாமா, அழுதுவிடலாமா என்று ஃபானிக்கே தெரியவில்லை. அவன் அவளுடைய கையைப் பிடித்து, நகத்தைப் பார்க்காமல், விரலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"உன் வெரல் அளவு என்னா?" என்று கேட்டான்.

"எட்டு," என்றாள் ஃபானி. "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன். இன்னொண்ணைச் சரியான மோதிரத்தோட வந்து கேளு. தனியா வா."

"அப்போ ஓலை? அடுத்த ஞாயித்துக்கிழமை வாசிக்கணுமே," என்றாள் மார்கரீத்.

"நான் பதில் சொல்ற வரைக்கும் வாசிக்க வேணாம்னு சாமியார்கிட்ட நானே சொல்லிடறேன் அத்தை."

திரும்பும்போது கேக்கை யாரும் வெட்டவில்லை. மார்கரீத் மோதிரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி முன்வரிசையில் உட்கார்ந்தாள். வெயிலில் கற்கள் ஜொலித்தன. மத்தியோ படகில் ஏற ஃபானிக்குக் கை கொடுத்தான். வழக்கம்போலத் தனக்குப் பக்கத்து இடத்தைக் காட்டப் போனவன், பாதியில் கையை இறக்கினான்.

"நீ எங்க உக்காரப் போற?" என்று, பதில் தெரியாமல்தான் கேட்டான்.

அவள் படகு முழுக்க ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.