மாமாவின் கைக்குட்டையும் பன்னிரண்டு பாதாம் கேக்கும்

என் மாமனார் சாப்பிடும்போது பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார் என்று மச்சான் போனில் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். அந்தச் செட்டைச் செய்தவன் நான் என்பது பிறகுதான் உறைத்தது.

பல் செய்வது என் தொழில். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார், நான் லேபில் உட்கார்ந்து செய்து கொடுப்பேன். இருபத்திரண்டு வருட அனுபவம். "ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள்" என்று வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன். "அதான் மீதிப் பாதி சிரிக்கிறதே இல்லையா?" என்பாள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவி.

மாமாவின் செட்டை எட்டு மாதங்களுக்கு முன் செய்தேன். அவருடைய கல்யாணப் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இடது கோரைப்பல்லின் லேசான சாய்வைக்கூட விடாமல் கொண்டுவந்திருந்தேன். பொருத்திய அன்று டாக்டர் "வலிக்குதா?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயே, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றுகொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்துவிட்டு "இல்லவே இல்ல" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் நம்பினேன்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் மாமா. குறுக்கே எருமை படுத்திருந்தாலும் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார் என்று மச்சான் சொல்வான். அப்படிப்பட்டவர் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்வாரா? கொஞ்ச நாளாகச் சட்டை அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். பட்டினி கிடக்கிறார் என்று நினைக்க என் தொழில் கர்வம் இடம் கொடுக்கவில்லை.

"மாமா, பல் வலிக்குதா?" என்று நேரே கேட்டிருக்கலாம். அது விவரம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை. நான் அவருக்கு ஒரு சோதனை வைக்கத் தீர்மானித்தேன்.

முறுக்கு மாதிரிக் கடினமாக எதையாவது கொடுத்தால் போலீஸ் விசாரணை போல ஆகிவிடும். அப்போதுதான் பிரெஞ்சுக்காரர்களின் ஃபினான்சியே என்ற குட்டி பாதாம் கேக் ஒரு சமையல் குறிப்பில் கண்ணில் பட்டது. விரல் நீளம், பொன்கட்டி வடிவம். ஓரம் மொறுமொறு, உள்ளே மெத்து. ஓரத்தைக் கடிக்கப் பல் வேண்டும், கடித்த பிறகு பல் வேண்டாம். எனக்காகவே கண்டுபிடித்தது போலிருந்தது. அதுவரை நான் அடுப்பில் செய்திருந்த ஒரே காரியம் வெந்நீர்.

சனிக்கிழமை மதியம் எட்டு முட்டைகளை உடைத்தேன். வெள்ளைக்கரு மட்டும்தான் வேண்டும். ஒரு கிண்ணத்தில் எட்டு மஞ்சள் கருக்கள் என்னையே பார்த்தபடி கிடந்தன.

"இத என்ன பண்றதா உத்தேசம்?" என்றாள் மனைவி.

"அது குறிப்புல இல்ல."

"அப்ப அடுத்த நாலு நாளைக்கு நீங்க அததான் சாப்பிடப் போறீங்க."

பாதாம் பொடி, சர்க்கரைப் பொடி, கொஞ்சம் மைதா, வெள்ளைக்கரு. இதுவரை தகராறு இல்லை. அடுத்தது வெண்ணெய். அதை உருக்கி, அடியில் படியும் துகள்கள் கொட்டை நிறத்துக்கு வரும்வரை காய்ச்ச வேண்டுமாம். எந்தக் கொட்டை, தோலோடா, தோல் உரித்தா என்று போடவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் வெண்ணெய் தார் ஆகிவிட்டது. சமையலறையில் புகை. மேல்மாடிக்காரர் இறங்கி வந்து, எல்லாரும் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை இரண்டாவது முயற்சி. நிறம் என்று வந்துவிட்டால் நான் வெறும் கண்ணை நம்புவதில்லை. லேப் பையிலிருந்து நிறப் பட்டியை எடுத்தேன். பதினாறு கைப்பிடிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பீங்கான் மாதிரிப் பல். பால் வெள்ளையில் ஆரம்பித்து, நாற்பது வருடம் புகைபிடித்தவர் பல் வரைக்கும் வரிசையாக இருக்கும். லேபிலேயே இருப்பது, யார் வாய்க்குள்ளும் போகாதது. இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடைசிப் பல்லைக் கைப்பிடியோடு உருவி வெண்ணெய்ச் சட்டிக்கு மேலே பிடித்தேன். துகள்கள் அந்தப் பழுப்புக்கு வந்த நொடியில் அடுப்பை அணைத்தேன். கமகமவென்று வாசனை. பிரெஞ்சுக்காரர்களுக்கே இந்த யோசனை வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். வந்திருக்காதுதான்.

வாசனை போய்விடக் கூடாது என்று வெண்ணெயை வடிகட்டாமல், துகள்களோடு மாவில் ஊற்றிக் கலந்தேன். பன்னிரண்டு குழித் தட்டில் நிரப்பி ஓவனில் வைத்தேன்.

சாயங்காலம் மாமா வந்தார். அத்தைக்கு முழங்கால் வலி, எங்கள் இரண்டாவது மாடிக்கு ஏற முடியாது. அதனால் ஞாயிறுதோறும் தனியாகத்தான் வருவார். கதவைத் திறந்ததும் சிரித்தார். இடது கோரைப்பல் அழகாகச் சாய்ந்திருந்தது.

மனைவி கேக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போனாள். நான் சமையல் மேடையைத் துடைத்துவிட்டு நிறப் பட்டியைப் பைக்குள் வைக்கப் போனேன். கடைசிக் கைப்பிடி மொட்டையாக இருந்தது.

அந்தப் பல் போன மாதமே ஒரு தடவை கழன்று, நானே பசை போட்டு ஒட்டியது. பல் வேலையில் நான் கெட்டிக்காரன் என்று சொன்னேன் அல்லவா. வெண்ணெய்ச் சூட்டில் பசை இளகி, பல் சட்டிக்குள் விழுந்திருக்கிறது. விழுந்தது என் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? நிறம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

கூடத்துக்கு ஓடினேன். இருவரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "நிறுத்துங்க, உள்ள பல் இருக்கு" என்று கத்தியிருக்க வேண்டும். மனுஷன் என்றால் அதைத்தான் செய்வான். நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டில் ஒன்று, அது எனக்கே வரட்டும் என்று ஒரு கேக்கை எடுத்து மேஜைக்குக் கீழே பிட்டுப் பார்த்தேன். இல்லை.

மனைவி முழுசாகத் தின்று முடித்தாள். "பரவால்லயே. கேக் மாதிரியேதான் இருக்கு" என்றாள்.

மாமாவின் தாடை நின்றது.

கண்ணில் ஒரு கணம் பயம் தெரிந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இருமுவது போலக் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனார். பழகிய கை. கீழ்ச் செட், அதோடு வாயில் அகப்பட்டது, எல்லாம் ஒரே இழுப்பில் கைக்குட்டைக்குள் போய்விட்டது. கைக்குட்டை சட்டைப் பைக்குள் போனது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கீழுதடு உள்ளே மடிந்திருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ள." பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். வார்த்தையெல்லாம் காற்றாக வந்தது. அதோடு விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் நம்ப வேண்டும் என்பதற்காக இரண்டாவது கேக்கை எடுத்து, வெறும் ஈறால் மெல்ல ஆரம்பித்தார்.

தன் பல் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அது எனக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறார். எட்டு மாதமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். நான் இவருக்குச் சோதனை வைக்கிறேனாம்.

"மாமா, அது உங்க பல் இல்ல."

"எது?"

"கைக்குட்டைல இருக்கிறது. அது என் பல். அதாவது, லேப் பல். கேக்குக்குள்ள விழுந்துடுச்சு."

மனைவி தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "என்னங்க சொல்றீங்க?"

சொன்னேன். வெண்ணெய், நிறம், பசை, மச்சானின் போன், ஒன்று விடாமல். நடுவில் அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில்.

மாமா தயங்கித் தயங்கிக் கைக்குட்டையை விரித்தார். பழுப்புப் பல் சேதாரமில்லாமல் இருந்தது. பக்கத்தில் கீழ்ச் செட். எடுத்துத் திருப்பினேன். ஈறில் உட்காரும் உட்புறத்தில், வலது மூலையில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

"இது என்ன மாமா?"

"அங்கதான் குத்துது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு வாரமும் இங்க கிளம்பறப்ப வச்சிட்டு வருவேன், இன்னிக்குக் காட்டிடலாம்னு. நீங்க கதவத் திறந்ததும் மொதல்ல என் பல்லத்தான் பார்ப்பீங்க. மூஞ்சி அப்படியே மலர்ந்துடும். அப்புறம் எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போய் அழிச்சிடுவேன்."

எட்டு மாதத்தில் முப்பது ஞாயிறுகளாவது இருக்கும். முப்பது புள்ளிகள். ஒன்றைக்கூடப் பார்க்காதவன் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறான்.

லேப் பையில் சின்ன அரைக்கும் மோட்டார் இருந்தது. சமையலறை மேடையில், மஞ்சள் கருக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளி மறைகிற வரைக்கும் தேய்த்தேன். அரிசி அளவு மேடு. ஐந்து நிமிஷ வேலை. கழுவிக் கொடுத்தேன். மாமா போட்டுக்கொண்டு தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

மிச்சமிருந்த கேக்குகளை மனைவி மேஜைக்குக் கொண்டுவந்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லையே?" என்று என்னைக் கேட்டாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

மாமா ஓரத்தைக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் எனக்குக் கேட்டது. நிதானமாக, வலது பக்கத்தில் வைத்து மென்றார். விழுங்கினார். நான் பழையபடி பரீட்சை எழுதியவனாக எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். பிறகு சொல்லிவிட்டார்.

"இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி, மாப்பிள்ள."

கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அது. நான் உட்கார்ந்து, அவர் இன்னொன்றைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.