நீண்டுகொண்டே போன அறை

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் வலது காது, பல வருடங்கள் செவிடாகக் கிடந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் தன் வாயால் சொன்னதைக் கேட்டுத் திறந்துகொண்டது. ‘எனக்கு இரண்டு காதும் கேட்கிறது’ என்று கண்ணாடி முன் நின்று உரக்கச் சொன்னாள். கடைசிச் சொல் இரண்டு காதிலும் விழுந்தது. அதற்கு முந்தைய வாரம் நிர்வாகம் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தது. நல்லதை நினைத்தால் மட்டும் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் நடந்துவிட்டதாகவே சொல்ல வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களுக்கும் பலன் இல்லாமல் இல்லை. டிக்கெட் கொடுப்பவர் பயணிகள்மேல் எரிந்து விழுவதைக் குறைத்துக்கொண்டார். காவலாளிக்கு நல்ல தூக்கம் வந்தது, வேலை நேரத்திலும் வந்தது. அறிவிப்பாளருக்கு மட்டும் சொன்னது சொன்னபடி நடந்தது. நரை இல்லை என்றாள், முடி கறுத்தது. எனக்கு அவசரமே இல்லை என்றாள், அன்று எந்தப் பேருந்தும் நேரத்துக்குக் கிளம்பவில்லை. “தாயே, சம்பள நாள்ல மட்டும் வாயைத் திறக்காதே, அதுவும் மெதுவா வரப்போகுது” என்றார் கேன்டீன்காரர்.

அவள் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒரு ஒத்திகைதான். அவளுக்கு வேண்டியது வேறு. அவள் கணவன் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது பக்கவாதம் வந்து படிக்கட்டிலேயே சாய்ந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சில் மிஞ்சியது ஒரு ‘ம்’ மட்டும். உள்ளறைக் கட்டிலில் அவர் படுத்திருக்க, அவள் குனிந்து, ‘நீங்க நல்லா இருக்கீங்க, எழுந்து நடக்கிறீங்க’ என்று காதோடு சொன்னாள். கொசுவலைகூட அசையவில்லை. பயிற்சியாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். அடுத்தவருக்காகச் சொல்ல முடியாது, அவரவர் வாயால் தன்னைப் பற்றிச் சொன்னால்தான் பலிக்கும் என்றார் அவர். சொல்ல அவருக்கு வாய் வரவில்லையே என்றாள். பயிற்சியாளர், இன்னொரு அழைப்பு வருகிறது என்றார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. தன்னையும் அவரையும் ஒரே சொல்லில் சேர்த்துச் சொல்லிவிட்டால், தனக்குப் பலிப்பது அவருக்கும் பலித்தாக வேண்டும். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கணவனைப் பார்த்து, ஒலிபெருக்கிக் குரலில், ‘நாங்கள் நலமாக இருக்கிறோம், நாங்கள் எழுந்து நடக்கிறோம்’ என்று அறிவித்தாள். பலன் கைமேல் கிடைத்தது. கூடத்தில் இருந்த கணவனின் அக்காவுக்கு முட்டிவலி விட்டது. பிறகு கொட்டிப்போன பற்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. மாடி வீட்டின் நொண்டி நாய் நான்கு காலிலும் ஓடியது. படுத்திருந்தவர் படுத்தேதான் இருந்தார். ஆனால் அவர் இருந்த அறை நீளத் தொடங்கியது. முதலில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நாற்காலி போடும் இடம் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள், கதவருகே நின்றால் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. வீட்டு உரிமையாளர் அளவு நாடாவோடு வந்து உள்ளே அளந்தார், வெளியே போய் அளந்தார், இந்த நீளம் என் கட்டடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பயந்துபோய் இன்னும் உரக்கச் சொன்னாள். அறை இன்னும் வேகமாக நீண்டது.

கண்டுபிடித்தது அக்காதான். புதுப் பல்லால் எதையோ கடித்துக்கொண்டே ஒரு காலை கேட்டாள்: “ஏண்டி, அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நாங்க நல்லா இருக்கோம், நாங்க நல்லா இருக்கோம்ங்கிறியே, அவன் யாரு? பஸ்ஸுக்கு நிக்கிறவனா?”

“ரெண்டு பேரையும் சேத்துத்தானே அண்ணி சொல்றேன்.”

“எங்க சேத்த? என்னைச் சேத்த, மாடி வீட்டு நாயைச் சேத்த. கேக்கிறவனைத் தள்ளி வச்சுட்டுத்தானே நாங்கன்னு சொல்லுவாங்க. கட்டினவன்கிட்ட நாமன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?”

 வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒலிவாங்கியின் முன் அவள் சொன்னதெல்லாம் ‘நாங்கள்’தான். நாங்கள் வருந்துகிறோம், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். கேட்பவர்கள் எப்போதும் வெளியே, மழையிலோ வெயிலிலோ நின்றார்கள். கதவிலிருந்தே ‘நாம்’ என்று கத்திப் பார்த்தாள். அது அவர்வரை போய்ச் சேரவில்லை, காதில் விழாத ஆளை அந்தச் சொல்லும் சேர்த்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது கால் வலித்தது. அவர் தலையணையில் தலைவைத்து, ஒலிபெருக்கிக் குரல் இல்லாமல், “நாம நல்லா இருக்கோங்க” என்றாள். அவர் “ம்” என்றார்.

மறுநாள் அறை நீளவில்லை. நடந்தது அவ்வளவுதான். நீண்டது குறையவும் இல்லை, அவர் கை எழவும் இல்லை. தினமும் சொன்னாள், தினமும் அவர் “ம்” என்றார். அவரோடு ஒரே சொல்லில் சேர்ந்துவிட்ட பிறகு அவள் தனக்காகச் சொல்வதும் பலிக்கவில்லை. சம்பள உயர்வு ஒன்றைச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மருத்துவர் வந்து, மூச்சு வாங்க நடந்து போய்ப் பார்த்து, இனி பெரிய மாற்றம் இருக்காது என்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் உட்கார இடம் கேட்டார். அக்கா பாதி வழியில் ஒரு பெஞ்சு போடச் செய்தாள். கூடத்திலிருந்து கொண்டுபோகும் தேநீர் அவரிடம் சேர்வதற்குள் ஆறிப்போகிறது என்பதால், அடுப்பை அந்தக் கோடிக்கே மாற்றிவிட்டார்கள்.