விமானத்தில் ஏறாதவள்

டெல்ஃபின் மூன்றாவது முறையாக "வரமாட்டேன்" என்றபோது, நகரத்திலிருந்து வந்திருந்த குழந்தைகள் நலத்துறை அதிகாரி மெரிடித் தன் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். என்ன குறித்தாள் என்று டெல்ஃபினுக்குத் தெரியாது. ஆறு வயதிலிருந்து அவளைப் பற்றி யாராவது எதையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதியது எதுவும் அவளுக்கு நல்லதாக முடிந்ததில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விமானம்" என்றாள் மெரிடித். குரலில் கடுமை இல்லை. அதுவே டெல்ஃபினுக்கு இன்னும் பயமாக இருந்தது. "ரேலின் நடந்ததைச் சொல்றதைப் படம் பிடிக்கணும். அதுக்கான அறை நகரத்துலதான் இருக்கு. நீங்க கூட வாங்க. வரலைன்னா, பிள்ளைகளை நாங்களே கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கும்."

"பிள்ளைகளையா?"

"கைக்குழந்தையும் அதே வீட்டுலதானே இருக்கு."

மருத்துவ நிலையத்தின் சின்ன அறை அது. கதவுக்கு வெளியே பதிவேட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவள் கொரின். ரேலின் யார்மேல் குற்றம் சொன்னாளோ, அந்த லைலின் சொந்தத் தங்கை. அவள் ஒரு மணி நேரமாக ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை என்பது டெல்ஃபினுக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது.

டெல்ஃபினின் மூத்த மகள் ரேலினுக்கு எட்டு வயது. இரண்டு நாளைக்கு முன்னால், பள்ளியில் பனிக்காலணியைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து அழுதிருக்கிறாள். ஏன் என்று கேட்ட உதவி ஆசிரியையிடம், பெரியப்பா தன்னைத் தொடக்கூடாத விதத்தில் தொடுவதாகச் சொல்லிவிட்டாள். காலணி போட்டிருந்தால் ஓடிவிடலாமாம். பள்ளி சட்டப்படி போலீசுக்குச் சொன்னது. போலீஸ் வந்தது. லைல் "குழந்தை பொய் சொல்லுது" என்றான். பிள்ளையின் வாக்குமூலம் பதிவாகும்வரை அவன் கொரின் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். கொரின் வீடு நான்கு வீடு தள்ளி.

வாபுஸ் ஏரி என்கிற அந்தச் சின்னப் பழங்குடி ஊரில் லைலைப் பகைத்துக்கொண்டு யாராலும் இருக்க முடியாது. வீட்டுக்கு வீடு தொட்டியில் தண்ணீர் நிரப்பும் லாரி அவனுடையது. பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுப்பவன் அவன். டெல்ஃபினும் அவள் புருஷன் வெஸ்ஸும் குடியிருக்கும் வீடு அவன் பெயரில் இருக்கிறது; அவனும் அதே வீட்டில்தான் இருந்தான். வெஸ் அவனுடைய தம்பி. ஏப்ரல் கடைசி என்பதால், குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் போடும் பனிச்சாலை உருகி மூடியாயிற்று. ஏரிப் பனியில் கால் வைத்தால் உள்ளே போகும். ஊரை விட்டு வெளியேற விமானம் ஒன்றுதான் வழி.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமியார் ஃபிலமீன் கதவருகிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கனவு கண்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. எல்லாம் முடிஞ்சுபோகும்."

"அத்தை, அது கனவு இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்தியா? என் மூத்தவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டு, உன் பிள்ளைகளையும் அந்த வெள்ளைக்காரி கையில குடுத்துட்டு, அப்புறம் நீ என்ன பண்ணப்போற? ஊர்ல எவ உனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுப்பா?"

வெஸ் மேசையருகே உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ ஏதாவது சொல்லு" என்றாள் டெல்ஃபின். அவன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். ரேலின் மூலையில் காலணியோடு உட்கார்ந்து தங்கைக்கு விரலைக் கொடுத்துக் கடிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பொய் என்று சொன்னால் மெரிடித் போய்விடுவாள், லைல் திரும்பி வருவான். உண்மை என்று சொன்னால் விமானம். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்புக்காவது கீழே விழுந்து சாகிற வழி ஒன்று இருக்கிறது. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அதுவும் இல்லை.

மத்தியான விமானத்தில் இன்னொருத்தி வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம், ஆண்கள் போடுகிற தொப்பி. நேராக லைல் வீட்டு வாசலுக்கு வந்தவள் படியேறவில்லை. கீழே நின்றபடி ஊர்க்காரர்கள் பேசும் கிரீ மொழியில் கூப்பிட்டாள்.

"டெல்ஃபின்! என் பேரு ஐவி. நான் உள்ள வரல. நீ வெளிய வா, சுவருக்குக் காது இல்லாத இடமா நடப்போம். பிள்ளைங்களையும் கூட்டிக்க."

ஏரிக்கரையில் சேறும் பனியுமாகக் கிடந்தது. ரேலின் முன்னால் போய்ப் பனிக்கட்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் கைக்குழந்தையை மேலங்கிக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தாள்.

"நீங்களும் நலத்துறையா?"

"இல்ல. இந்த மாதிரி விஷயத்துல மாட்டிக்கிட்ட பிள்ளைக்கும் வீட்டாருக்கும் துணையா நிக்கிறதுதான் என் வேலை. பிள்ளையைத் தூக்கிட்டுப் போற அதிகாரம் எனக்கில்ல. அவங்க தூக்கினா தடுக்கிற அதிகாரமும் இல்ல. முதல்லயே சொல்லிடறேன்."

"அப்புறம் என்னதான் இருக்கு உங்ககிட்ட?"

"வாய் இருக்கு" என்றாள் ஐவி. "கொஞ்சம் பெருசு. என் வீட்டுக்காரரைக் கேளு."

டெல்ஃபினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நடையின் வேகம் குறைந்தது. ஐவி கையில் காகிதம் எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"உன் அம்மா யாரு?"

"ரோஸ் அன்னா. செத்துட்டாங்க. எனக்கு அவ்வளவா நினைவில்ல."

"ரோஸ் அன்னாவா? அப்போ இந்த ஊர்க் கடைசி வீட்டு இசபெல் உனக்குச் சின்னம்மா முறையாச்சே! ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி பிள்ளைங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பத்தொன்பது வயதில் ஊருக்குத் திரும்பியபோது யார் யாருக்கு என்ன உறவு என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. கேட்கவும் வெட்கம். மொழியே பாதி மறந்திருந்தது.

ஐவி எதுவும் கேட்கவில்லை. டெல்ஃபின் தானாகவே சொன்னாள்.

"பல் டாக்டர்கிட்ட காட்டப் போறோம்னு சொல்லித்தான் நலத்துறைக்காரங்க என்னை விமானத்துல ஏத்தினாங்க. ஆறு வயசு. கம்பளிப் பூனை ஒண்ணு குடுத்தாங்க. எங்கம்மா ஓடுதளத்து வேலிகிட்ட நின்னுட்டிருந்தாங்க. சாயங்காலம் வந்துடுவேன்னு கையை ஆட்டினேன்." பொத்தானை அவிழ்த்து மறுபடி போட்டாள். "பதிமூணு வருஷம். யார் யாரோ வளத்த நாலு வீடு. அம்மா செத்ததைக் கடுதாசில சொன்னாங்க."

ஐவி நின்றாள். "இதை மெரிடித்கிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கல."

"நான் சொல்லட்டுமா? இல்ல நீ சொல்றியா? ரெண்டும் வேண்டாம்னாலும் சரி."

"நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

பேச்சு பள்ளி நூலகத்தில் நடந்தது. மருத்துவ நிலையம் வேண்டாம் என்று ஐவி முன்பே சொல்லிவிட்டாள். மெரிடித், ஒரு இளம் போலீஸ்காரர், டெல்ஃபின், ஐவி. மெரிடித் தன் காகிதத்தைத் திறந்து, "தாய் ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று அதில் இருந்ததை வாசித்தாள்.

"ஒத்துழைக்க மாட்டேன்னு அவ சொல்லல" என்றாள் ஐவி. "விமானத்துல ஏறமாட்டேன்னு சொல்றா. ரெண்டும் வேற வேற." பிறகு வேலியருகே நின்ற ரோஸ் அன்னாவைப் பற்றிச் சொன்னாள். நீட்டாமல், நாலே வாக்கியம்.

மெரிடித் பேனாவைக் கீழே வைத்தாள். காதுமடல் சிவந்திருந்தது. "எனக்குத் தெரியாது" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா பதிவு பண்ற அறை அங்கதான் இருக்கு, ஐவி."

"கேமரா ஒரு பையில அடங்கும். கேள்வி கேக்கிற பொண்ணு ஒரு சீட்டுல அடங்குவா. ஒரு பிள்ளையையும் அம்மாவையும் அங்க தூக்கிட்டுப் போறதைவிட இது சுலபம்."

"போன வருஷம் வேற ஊர்ல அப்படிப் பண்ணிருக்கோம்" என்றார் போலீஸ்காரர், யாரும் கேட்காமலே.

"சரி. ஆனா அந்த வீட்டுல பிள்ளைகளை ஒரு நாள்கூட விட முடியாது. வீடு அவன் பேர்ல இருக்கு. பாட்டி அவன் பக்கம்."

இதோ, கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் கண் தேடியது.

"சொந்தக்காரங்க வீட்டுல விட்டா?" என்றாள் ஐவி.

"யாரு இருக்காங்க?"

ஐவி டெல்ஃபினைப் பார்த்தாள். தானாகப் பெயரைச் சொல்லவில்லை. பத்து வருடத்தில் ஒரு வணக்கம்கூடச் சொல்லாத ஒருத்தியின் பெயரை எந்த உரிமையில் சொல்வது?

"இசபெல்" என்றாள். "எனக்குச் சின்னம்மா."

இசபெல் வீடு ஊரின் கடைக்கோடியில், பதினொரு பேர் இருக்கும் மூன்று அறை வீடு. கதவைத் திறந்தவள் ஐவியை விட்டுவிட்டு டெல்ஃபினையே மேலும் கீழும் பார்த்தாள்.

"இதே ஊர்ல பத்து வருஷம்! ஒரு தடவை என் கதவைத் தட்டியிருக்கியா? தண்ணி லாரிக்காரன் வீட்டு மருமகள்! நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?"

"எனக்கு... முறை தெரியாது சின்னம்மா."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் இசபெல் கதவை அகலத் திறந்தாள். மெரிடித் பின்னாலிருந்து, படுக்கை எத்தனை, அறை எத்தனை என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

"தரை இருக்கு" என்றாள் இசபெல். "பதினொண்ணு பதினாலா ஆனா என்ன, நான் உக்காந்து எண்ணிட்டா இருக்கப்போறேன்? செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

ரேலின் அம்மாவைப் பார்த்தாள். "அவ போட்டுக்கிட்டே வரட்டும்" என்றாள் டெல்ஃபின் அவசரமாக. இசபெல் ஏன் என்று கேட்கவில்லை. துடைப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

கேமராவும் கேள்வி கேட்பவளும் மூன்றாம் நாள்தான் வர முடிந்தது. அதுவரை மெரிடித் ஊரிலேயே தங்கினாள். ஒவ்வொரு காலையும் இசபெல் வீட்டு வாசலில் அவள் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டெல்ஃபின் கைக்குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஒருமுறை மெரிடித் அதைக் கவனித்தாள். அடுத்த நாளிலிருந்து தூரத்திலேயே நின்று குரல் கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்த பெண்ணிடம் ஐவி முன்கூட்டியே பேசினாள்: கண்ணைப் பார்த்துப் பேசு என்று சொல்லாதே, பதில் வர நேரமானால் பொய் என்று நினைக்காதே, கிரீ மொழியில் சொல்ல வருவதை அதிலேயே சொல்லவிடு. ரேலின் நூலக மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். கேள்வி கேட்பவளும் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தாளாம். வெளியே நடைபாதையில் டெல்ஃபின் ஐவியின் பக்கத்தில் இருந்தாள். ஐம்பது நிமிடம். சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகக்கூடாது, ஓடவும் முடியாது.

"நான் பாக்கலையே ஐவி" என்றாள் திடீரென்று. "ஒரே வீட்டுல இருந்தும் நான் பாக்கலையே."

ஐவி சமாதானம் சொல்லவில்லை. "இப்போ பாக்கிற" என்றாள்.

மறுநாள் லைல் மீது வழக்குப் பதிவானது. அவனை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை முடியும்வரை ஊருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. விசாரணை டிசம்பரில்தான்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. லாரியை லைலின் மச்சான் ஓட்ட ஆரம்பித்தான்; இசபெல் வீட்டு வாசலில் அது நிற்காமலே போனது. அந்த வீட்டுப் பெண்கள் கரையோரப் பனியை உடைத்து ஏரித் தண்ணீரை வாளியில் சுமந்தார்கள். கடையில் டெல்ஃபின் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொரின் அவள் காதுபட, "ஒரு மனுஷனைக் கெடுத்துட்டா இவ, இப்போ ஊரு பூரா ஹாக்கி இல்ல" என்றாள். டெல்ஃபின் ஊராட்சிக்குத் தனி வீடு கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஐந்து உறுப்பினரில் மூன்று பேர் ஃபிலமீனுக்குச் சொந்தம். பார்க்கலாம் என்றார்கள். பதினாலு பேர் வீட்டில் நடக்கக்கூட இடமில்லை. வெளியே வந்தாலோ ஊர் முழுக்கக் கண். டிசம்பர் வரை இப்படித்தான்.

ஐவி செவ்வாய்க்கிழமைதோறும் போன் செய்தாள். செய்வேன் என்று சொன்ன நாளில் செய்தாள். டெல்ஃபினுக்கு அது புதிது.

மே மாதம் ஒரு மத்தியானம், வெஸ் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. படிக்குக் கீழேயே நின்றான்.

"அம்மா சாப்பிட மாட்டேங்கிறாங்க."

"ரேலின் இன்னிக்கு ரெண்டு ரொட்டி சாப்பிட்டா" என்றாள் டெல்ஃபின்.

அவன் தலை குனிந்தான். தோள் குலுங்கியது. "அவ சொன்னது நிஜம்னு எனக்கு அப்பவே தெரியும். வாய் வரல. அண்ணன்... எனக்கும் சின்ன வயசுல..." முடிக்கவில்லை.

டெல்ஃபின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. இந்த ஆளுக்கும் ஒரு மேசைக்கு அடியில் உட்கார இடம் கிடைத்திருக்கவில்லை.

"ஐவி நம்பர் தரேன். அவங்ககிட்ட பேசு."

"சரி. ரேலினை ஒரு தடவை பாக்கலாமா?"

"என்கிட்ட கேக்காத. அவகிட்ட கேளு."

அவன் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ரேலின், அப்பா வந்திருக்கேன். வரட்டுமா?"

உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. டெல்ஃபின் வழியை விட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றது உள்ளிருந்து சின்னக் குரல்.

வெஸ் தலையாட்டினான். "சரிம்மா. நாளைக்கு வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து போனான். மறுநாள் வந்தான். அன்றும் அவள் வேண்டாம் என்றாள். அவன் போய்விட்டு அதற்கடுத்த நாளும் வந்தான்.