கனமாகத் திரும்பிப் போன கிண்ணம்

இந்தக் கியோட்டோ நகரத்தில் எந்த வீட்டுக் குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை என் நாக்கில் விட்டாலும், அது எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவேன். முப்பத்தெட்டு வருஷம் குடிநீர் இலாகாவில் உழைத்த நாக்கு.

எங்கள் தெருப் பொதுக் குளியல் கூடத்தில், கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தச் சூட்டில் வாதாட யாருக்குத் தெம்பு இருக்கிறது? நம்பாத ஒரே ஆள் என் தங்கை புருஷன் குவபரா.

"மச்சான், கொஞ்சம் அளந்து விடு. தொட்டி வழியுது" என்பார்.

அந்த குவபராதான் என் எழுபதாவது பிறந்தநாளுக்கு என்னை அந்தக் கடைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அவராக ஆசைப்படவில்லை. என் தங்கை மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏழே இருக்கை. முன்பின் தெரியாதவன் மூட்டை நிறையப் பணத்தோடு போனாலும் உள்ளே விடமாட்டார்கள். ஏற்கெனவே வந்துபோகிற ஒருவர் 'இவர் என் ஆள்' என்று பொறுப்பேற்க வேண்டும். அந்த ஆள் தப்பு செய்தால் அவரை யாரும் திட்டமாட்டார்கள். அடுத்த தடவை கூட்டி வந்தவர் போன் செய்தால், "ஐயோ, அன்னைக்கு இடமில்லையே" என்று தேனாகப் பதில் வரும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் இடம் இருக்காது. விசிறி வியாபாரம் செய்த குவபராவுக்கு அங்கே நுழையவே பதினொரு வருஷம் பிடித்தது; நுழைந்து இன்னொரு பதினொரு வருஷம். வாழ்க்கையில் அவர் சம்பாதித்தது ஒரு வீடும் அந்த மூன்றாவது இருக்கையும்தான். வீடு போனாலும் தாங்கிக்கொள்வார்.

வழி நெடுக எனக்குப் பாடம் நடந்தது.

"குடிநீர் இலாகா பேச்சே எடுக்கக் கூடாது. குடுத்ததச் சாப்பிடு. ஆஹான்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் திறக்காத."

"சாப்பிடவாவது திறக்கலாமா?"

"மச்சான், கால்ல விழறேன். என் இருபத்திரண்டு வருஷத்த ஒரே மத்தியானத்துல கெடுத்துடாத."

போய் உட்கார்ந்தோம். முதலில் ஒரு தட்டு வந்தது. தட்டு எங்கள் வீட்டு முற்றம் அகலம். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு எள்ளுக் கட்டி ஒன்று. அதைத் தேடிப் பிடித்துச் சாப்பிட்டேன். பிரமாதம். "ஆஹா" என்றேன். குவபரா மூச்சு விட்டார்.

அடுத்தது கிண்ணம். இந்த விருந்தில் மற்றதெல்லாம் கை வேலை; மூடியிட்ட அரக்குக் கிண்ணத்தில் வருகிற சாறுதான் சமையல்காரரின் முகம். சமையல்காரர் சுகிதானி மூன்றாம் தலைமுறை. கொல்லைப்புறக் கிணற்று நீரைத் தவிர வேறு தண்ணீர் அவர் அடுப்பைக் கண்டதில்லை. அதில்தான் சாற்றுக்கான கடற்பாசி இரவெல்லாம் ஊறும்.

கிண்ணத்தின் விலாவை லேசாக அமுக்கினேன். ஆவியில் இறுகியிருந்த மூடி விட்டுக்கொடுத்தது. பஞ்சுபோல் மலர்ந்த விலாங்கு மீன் துண்டு, மேலே எலுமிச்சைத் தோல் ஒரு துணுக்கு. ஒரு வாய் குடித்தேன்.

அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குளோரின்! குழாய்த் தண்ணீரில் எங்கள் இலாகா கலக்கிற மருந்து. கொதித்தால் அந்த வாசனை போய்விடும் என்பார்கள். என்னிடமிருந்து எங்கே போவது? பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்ததுபோல் இருந்தது. அது கிணற்று நீர் இல்லை. என்னுடைய தண்ணீர்!

சுற்றிலும் பார்த்தேன். ஆறு பேரும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு "ஆஹா" என்றார்கள். குவபரா இரண்டு தடவை சொன்னார். ஆனால் ஒவ்வொருவர் புருவத்துக்கு நடுவிலும் தலைமுடி கனத்துக்கு ஒரு சுருக்கம். எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா? வீடு பற்றி எரிந்தாலும், வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்கள்.

சொன்னால் சமையல்காரருக்கு ஆறு பேர் முன்னால் அவமானம், குவபராவுக்கு இருக்கை காலி. குடித்தால் என் நாக்குக்கு நான் துரோகி.

மீதிச் சாறோடு கிண்ணத்தை மூடினேன். மூடியை வந்தபடியே நேராக வைத்தேன்.

"குடி" என்று உதடு அசையாமல் சொன்னார் குவபரா.

"வயிறு நெறஞ்சிடுச்சு."

"ஒரு வாய்லயா? பாவி, கிண்ணம் கனமா போனா உள்ள தெரிஞ்சிடும்!"

"தெரியட்டும்."

"என்னை உயிரோட பொதைக்கிற மச்சான்."

கடையின் வீட்டம்மா புசாயே கிண்ணங்களை எடுத்தார். என்னுடையதைத் தூக்கியதும் அவர் மணிக்கட்டு ஒரு அரிசி அளவு தாழ்ந்தது. முகம் மாறவில்லை. திரைக்குப் பின்னால் போனார். குவபராவின் கழுத்தில் வேர்வை ஓடி, காலருக்குள் குளம் கட்டியது.

கொஞ்ச நேரத்தில் சுகிதானி வந்து என்முன் தலை குனிந்தார். கையில் என் கிண்ணம்.

"ஐயா, இத நானும் குடிச்சுப் பாத்தேன். எனக்கு வித்தியாசம் தெரியல. தெரியலன்னுதான் பயமா இருக்கு. என்ன கொறைன்னு சொல்லுங்க."

குவபரா கண்ணை மூடிக்கொண்டார். நான் மெதுவாக, "கிணத்தப் பாக்கலாமா?" என்றேன்.

கொல்லையில் கிணற்றை ஒட்டி, விருந்தாளிகளின் கழிப்பறைக்கு சுகிதானியின் தாத்தா போட்ட குழாய் மண்ணுக்கடியில் போயிருந்தது. சமையலுக்குத்தான் கிணறு, கழிப்பறைக்கு நகரத் தண்ணீர். பரிமாறுகிற நீளமான இரும்புக் குச்சி ஒன்றை வாங்கி மண்ணில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தேன். இலாகாவில் கசிவு கேட்பது இப்படித்தான். நாலாவது இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்றது.

"இங்க" என்றேன்.

சுகிதானி மேலங்கியைக் கழற்றாமலே மண்வெட்டியைப் பிடித்தார். இரண்டடி ஆழத்தில் பழைய குழாய் விரிசல் விட்டுக் கிணற்றுப் பக்கம் அழுதுகொண்டிருந்தது. அவர் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா கலந்திருக்கு. தெனமும் ருசி பாத்த நாக்கு அதுக்கே பழகிடுச்சு. எத்தன நாளோ. கிண்ணமெல்லாம் காலியாத்தான் திரும்பி வந்துச்சு ஐயா. ஒருத்தரும் சொல்லல."

இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் எங்கள் பின்னாலேயே வந்திருந்த குவபரா தலையைத் திருப்பிக்கொண்டார்.

கடை பத்து நாள் மூடியிருந்தது. அந்தப் பத்து நாளும் குவபரா என்னோடு பேசவில்லை. போன் பக்கமும் போகவில்லை. இடமில்லையே என்ற தேன் குரலைக் கேட்க அவருக்குத் தைரியமில்லை. பதினோராம் நாள் போன் தானே அடித்தது. புசாயே அம்மா.

"எட்டாம் தேதி உங்க இடத்தையும் பக்கத்து இடத்தையும் வச்சிருக்கோம். அந்த ஐயாவையும் கட்டாயம் கூட்டிட்டு வரணும்."

அன்று சாயங்காலம் குளியல் கூடத்தில் நான் கதையை விரித்துக்கொண்டிருந்தேன். குழாயிலிருந்து தண்ணீர் பைன் மர உயரத்துக்குப் பீய்ச்சியடித்து, ஒரு காக்கையைக் கீழே தள்ளிய இடத்துக்கு வந்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் குவபராவைக் கேட்டார்.

"ஏங்க, நீங்கதான கூடப் போனீங்க. இது நடந்ததா, இல்ல வழக்கமான சரக்கா?"

குவபரா தலைமேல் இருந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார்.

"காக்கா இல்ல. பைன் மரமும் இல்ல. முழங்கால் அளவுகூட வரல" என்றார். "ஆனா நடந்தது. எனக்கும் அந்த வாசனை தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் ரெண்டு தடவ ஆஹான்னு சொன்னேன்."