விடியலில் செத்த மீன்கள்

குடியிருப்பின் நடுவே இருந்த குளத்தில் மீன்கள் செத்து மிதந்ததும், சங்கத் தலைவர் எதிரே இருந்த சலவைக் கடையைக் கைகாட்டினார். சோப்புத் தண்ணீரைக் குளத்தில் விடுகிறார்கள், கடையை மூட வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்.

அவருடைய மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மனுவை நீட்டியபோது அவள் பேனாவைத் தொடவில்லை.

"சோதிச்சுப் பாக்காம நோய்க்குப் பேர் வைக்கக் கூடாது மாமா."

"கண்ணு முன்னாடி செத்துக் கிடக்குது. இதுக்கு மேல என்ன சோதனை?"

சலவைக் கடையின் குழாய் பாதாளச் சாக்கடையில் சேர்வதை அவள் முன்பே போய்ப் பார்த்திருந்தாள். தவிர, பகலெல்லாம் துள்ளுகிற மீன்கள் விடியும்போது மட்டும் ஏன் சாகின்றன? சோப்புக்கு நேரம் பார்த்துக் கொல்லத் தெரியுமா என்ன? குளம் பாசி பிடித்துப் பச்சைப்பசேல் என்றிருந்ததுதான் அவள் கண்ணை உறுத்தியது.

வண்ணமீன் கடைக்காரரிடம், நீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் கருவியை இரவல் வாங்கினாள். மாலையில் மாமனாரையே அளக்கச் சொன்னாள். எண் தாராளமாக இருந்தது. மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மறுபடி அழைத்துப் போனாள். எண் அதலபாதாளத்தில் கிடந்தது. கரையோரம் மீன்கள் வாயை மேலே நீட்டித் தவித்துக்கொண்டிருந்தன.

பாசி வெயிலில் ஆக்ஸிஜனைக் கொடுக்கும், இருட்டிவிட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும், கண்டபடி வளர்ந்துவிட்டால் மீனுக்கு மிஞ்சாது என்றாள். ஏன் இப்படிக் கொழுத்தது என்று அவர் கேட்டார்.

"புல்தரைக்கு நீங்க போட்ட உரம் மாமா. மழையில கரைஞ்சு இங்கதான் வருது. சந்தேகம்னா அதையும் அளந்துடலாம்."

பணி ஓய்வுக்குப் பிறகு அவர் பிள்ளைபோல வளர்த்த புல்தரை அது. முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அளந்தார். புல்தரையிலிருந்து வழிந்த நீரில், உரச்சத்து இருந்தால் காட்டும் சோதனைத் தாள் நிறம் மாறியது. எதிர்க்கரையில் குளத்துக்கு வரும் ஓடை நீரில் மாறவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்தார். "மீனைக் கொன்னது சோப்பு இல்ல. என்னோட உரம்." உரத்தை நிறுத்துவது, குளத்தில் காற்று பம்ப் போடுவது என்று அங்கேயே முடிவானது.

மனுவைத் திரும்பப் பெற்றதைச் சொல்லச் சலவைக் கடைக்கும் போனார். கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலேயே சொன்னார்: "கையெழுத்து போட்டவங்க யாரும் துணி போடுறத நிறுத்தல சார்."

கருவியைத் திருப்பிக் கொடுக்க மருமகள் கிளம்பியபோது மாமனார் தடுத்தார். பம்ப் போட்ட பிறகு எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள். ஏறியிருந்தது.