தொரைக்கு ஆறு வியாழக்கிழமைகள்

தொரை என்பது ஒரு நாய். கூப்பிட்டால் வரமாட்டான், மனசிருந்தால் வருவான். பெயர்க் காரணம் அவ்வளவுதான். பத்து வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டு பின்னங்கால்களை இழுக்க ஆரம்பித்ததும், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவன் எஜமானர் அவனைத் தூக்கிக்கொண்டு அக்குபங்சர் என்கிற ஊசி வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரம்மாவிடம் போனார்.

மருத்துவரம்மா முதல் நாளே எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார்.

"ஊசி முடி மாதிரி மெல்லிசா இருக்கும் சார், பெருசா வலிக்காது. வாராவாரம் வியாழக்கிழமை இருபது நிமிஷம் குத்தி வச்சிருப்போம். சில நாய்ங்க தூங்கிடும். மறுநாள் சோர்வா கிடந்தா பயப்படாதீங்க. இது மந்திரம் இல்ல. வலி குறையலாம், கால் பழையபடி ஆகிடும்னு நான் சொல்லமாட்டேன். மூணாவது நாலாவது தடவையில வித்தியாசம் தெரியும். ஆறு தடவைக்கு அப்புறமும் தெரியலன்னா நிறுத்திடுவோம்."

கடைசி வாக்கியம் லேத்துக்காரர் காதில் ஏறவே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான், தொரைக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, அவர் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவர் அவளைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் பிரிந்து போனது ஒரு பொய்யால். அவளுக்குப் பதவி உயர்வுத் தேர்வு நடந்த அன்று, அவள் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து இவருக்குப் போன் வந்தது. "அத்தை நல்லாத்தான் இருக்காங்க, நீ நிம்மதியா எழுது" என்று இவர் சொல்லிவிட்டார். அவள் எழுதி முடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. "உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றார் பாருங்கள், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லாததால் தொரை இவரிடம் தங்கினான்.

"ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து மெதுவா பேசிட்டே இருங்க. தெரிஞ்ச குரல் கேட்டா அவன் அசையமாட்டான்" என்றார் மருத்துவரம்மா.

இருபத்தைந்து வருடம் இயந்திர இரைச்சலில் கத்திக் கத்தியே பேசிய மனிதர். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் கேட்கும். ஆனாலும் நாய்க்காகக் குரலை இறக்கினார். முதல் வியாழன் நாயின் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். அடுத்த வியாழன் அவள் தன் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது வியாழன் அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை தொரை தானாகவே மாடிப்படி ஏறினான். லேத்துக்காரர் கைதட்டினார், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடிந்ததும்தான் உறைத்தது. கால் சரியாகிவிட்டால் வியாழக்கிழமை ஏது? அவளை எங்கே பார்ப்பது?

மனிதருக்குப் புத்தி போன போக்கைப் பாருங்கள். அடுத்த வாரம் வண்டியிலிருந்து விரிப்பு வரைக்கும் நாயைத் தூக்கிக்கொண்டே வந்தார், இருபத்திரண்டு கிலோ. விரிப்பில் படுத்துவிட்டால் தொரை மனசில்லாமல் எழுந்திருக்கமாட்டான், அதுவும் அவருக்கு வசதியாகிப்போனது. "எப்படி சார் இருக்கான்?" என்று கேட்டதற்கு, "அப்படியேதான் இருக்கான் டாக்டர்" என்றார். ஐந்தாவது வாரமும் அதே பதில். அன்று அவள், பாவம், தொரையின் தலையைத் தடவிக்கொண்டே அவர் கைமேல் தன் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

ஆறாவது வியாழன். ஊசிகளைப் பிடுங்கிவிட்டு மருத்துவரம்மா எதிரில் உட்கார்ந்தார்.

"முதல்லயே சொன்னேன். ஆறு தடவை ஆச்சு, முன்னேற்றம் இல்ல. இனிமே இவனைக் குத்துறதுல அர்த்தமில்ல. எழுந்து நடக்கவே முடியலன்னா, எவ்வளவு நாள் இந்த வலியோட வச்சிருக்கறதுன்னு நீங்க ரெண்டு பேரும் யோசிக்கணும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன் கஷ்டப்பட வேண்டாங்க. அம்மா மாதிரி தனியா போகக்கூடாது. நாம ரெண்டு பேரும் கூட இருந்து..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

லேத்துக்காரர் எழுந்து நின்றார்.

"மாடி ஏறுறான்" என்றார்.

"என்ன?"

"தானா ஏறுறான், இறங்குறான். மூணாவது வாரத்துலேருந்து. வலியில்ல அவனுக்கு."

மருத்துவரம்மாவுக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "என்ன சார் நீங்க! அப்ப மாசத்துக்கு ஒரு தடவை போதுமே" என்றார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்?"

"நீ வருவியேன்னுதான்."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அம்மா சாகக் கிடந்தப்ப நல்லா இருக்காங்கன்னீங்க. இவன் நல்லா இருக்கறப்ப மோசமா இருக்கான்னீங்க. திரும்பிப் போயிடலாம்னு நேத்துதான் அக்காகிட்ட சொன்னேங்க. உங்க வாயிலேருந்து வர்றதுல எதை நம்பி வருவேன்?"

 அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தொரை தலையைத் தூக்கிப் பார்த்தான். எழுந்து உடம்பை உதறினான். வழுக்குகிற தரையில் நான்கு காலும் பாவ, கொஞ்சம்கூட நொண்டாமல், அவள் பின்னால் ஓடினான்.